பூட்டு ஒண்ணா இருந்தா ஒரு பயம், சாவி ஒண்ணா இருந்தா வேற பயம்

கேள்வி இதுதான்: ஆபீஸ், பேங்க், கவர்மென்ட்னு எங்க பாத்தாலும் ஒரே கம்பெனியோட சாஃப்ட்வேர்தான் ஓடுது, மைக்ரோசாஃப்ட் மாதிரி. இது நிஜமாவே செக்யூரிட்டிக்கு ஆபத்தா, இல்ல போட்டி கம்பெனிக்காரங்க கிளப்பி விடுற பயமா?

ஆபத்துதான். ஆனா இருபது வருஷம் முன்னாடி அதுக்கு சொன்ன காரணம் இப்ப பாதி பழசாயிடுச்சு. இன்னிக்கு இருக்கற ஆபத்து வேற மாதிரி, என்னைக் கேட்டா அதைவிட மோசம். இது ரெண்டையும் போட்டு குழப்பிக்கறதாலதான் இந்த விவாதம் எப்ப நடந்தாலும் "லினக்ஸுக்கு மாறுங்கப்பா" "அட போங்கப்பா"ன்னு முடிஞ்சு போகுது.

முதல்ல பழைய கதை. 2003 செப்டம்பர்ல டான் கீர், ப்ரூஸ் ஷ்னையர்னு செக்யூரிட்டி வட்டாரத்துல பேர் போன ஏழு பேர் சேர்ந்து ஒரு அறிக்கை விட்டாங்க. உலகத்துல 90 சதவீதத்துக்கு மேல டெஸ்க்டாப்ல ஒரே ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடுது, இது மோனோகல்ச்சர், அதாவது வயல் பூரா ஒரே பயிர், ஒரு பூச்சி வந்தா மொத்த வயலும் போயிடும், அப்படின்னு. அறிக்கையை வெளியிட்டது மைக்ரோசாஃப்டோட போட்டி கம்பெனிகள் இருந்த ஒரு தொழில் சங்கம், அதனால "இது அரசியல்"னு அப்பவே பலபேர் ஒதுக்கிட்டாங்க, அதுலயும் கொஞ்சம் நியாயம் இருந்தது. கீர் அப்ப அட்ஸ்டேக்னு ஒரு செக்யூரிட்டி கம்பெனில தலைமை தொழில்நுட்ப அதிகாரி, மைக்ரோசாஃப்ட் அந்த கம்பெனிக்கு கஸ்டமர். அறிக்கை வந்த கையோட அவர் இனிமே எங்ககிட்ட இல்லைன்னு அட்ஸ்டேக் அறிவிச்சிடுச்சு. நாங்க எதுவும் சொல்லலைன்னு மைக்ரோசாஃப்ட் சொன்னாங்க. சொல்லாமலே கூட நடந்திருக்கலாம், கஸ்டமர் முகம் சுளிக்கறதுக்கு முன்னாடியே சுளிப்பாங்களோன்னு பயந்து முடிவு எடுக்கற மேனேஜ்மென்ட்டை நாம எல்லாரும் பாத்திருக்கோம்.

மோனோகல்ச்சர்னா எல்லாரும் அயர்லாந்து உருளைக்கிழங்கு பஞ்சத்தை சொல்லுவாங்க. அவ்வளவு தூரம் எதுக்கு போகணும், இலங்கை இருக்கே. சிலோன் டீன்னு இன்னிக்கு உலகத்துக்கே தெரியும், ஆனா 1860கள்ல அது காப்பித் தீவு. நம்ம பக்கத்துல இருந்து ஜனங்களை மலைக்கு கூட்டிட்டு போனது முதல்ல காப்பித் தோட்டத்துக்குத்தான், டீ எல்லாம் அப்புறம். 1869ல இலைத்துரு நோய்னு ஒரு பூஞ்சை வந்தது, அடுத்த இருபது வருஷத்துல காப்பி ஏற்றுமதியே ஒண்ணுமில்லாம போச்சு. 1880ல மார்ஷல் வார்டுன்னு ஒரு தாவரவியல்காரர் போய் ஆராய்ஞ்சு சொன்னது என்னன்னா, மலை மலையா இடைவெளி இல்லாம ஒரே செடியை நட்டு வச்சிருக்கீங்க, காத்துல போற பூஞ்சை வித்துக்கு எங்க விழுந்தாலும் சாப்பாடு கிடைக்குது. கீர் கோஷ்டி சொன்னதும் அதேதான், செடிக்கு பதிலா கம்ப்யூட்டர்.

அப்ப அது மிகையான பேச்சு இல்ல. அதே 2003 ஜனவரி 25ல ஸ்லாமர்னு ஒரு வார்ம், அதாவது மெஷின் விட்டு மெஷின் தானா பரவுற வைரஸ், வந்துச்சு. மொத்த சைஸ் 376 பைட். நீங்க இப்ப படிச்சிட்டு இருக்கற இந்த ஒரு பாராவை சேவ் பண்ணினாலே அதைவிட பெருசா வரும். நெட்ல போற ஒரே ஒரு சின்ன டேட்டா பொட்டலத்துல (யுடிபி பாக்கெட்) அடங்கிடும், வந்து விழுந்த உடனே அந்த மெஷின் கண்ணை மூடிட்டு மத்த அட்ரஸுக்கெல்லாம் அதையே அனுப்ப ஆரம்பிக்கும். ஆரம்பத்துல 8.5 செகண்டுக்கு ஒரு தடவை ரெண்டு மடங்கு ஆச்சு, அதால தாக்க முடிஞ்ச மெஷின்கள்ல பெரும்பகுதி பத்தே நிமிஷத்துல விழுந்துடுச்சு. அமெரிக்காவுல ஆயிரக்கணக்கான ஏடிஎம் நின்னுச்சு, ஒஹாயோல டேவிஸ்-பெஸ்ஸிங்கற அணுமின் நிலையத்துல பாதுகாப்பு அளவுகளை காட்டற டிஸ்ப்ளே சிஸ்டம் அஞ்சு மணி நேரம் போல போச்சு (நல்லவேளை, ரியாக்டர் அப்ப ஓடல). இதுக்கான பேட்ச் (ஓட்டையை அடைக்கற அப்டேட்) ஆறு மாசம் முன்னாடியே வந்திருந்தது, மைக்ரோசாஃப்டோட சொந்த நெட்வொர்க்லயே எல்லா இடத்துலயும் போடல, அவங்களும் மாட்டினாங்க.

ஏன் 376 பைட் போதும்னு இருந்தது? ஸ்லாமர் தாக்கினது எஸ்க்யூஎல் சர்வர்ங்கற மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸ் சாஃப்ட்வேரை. அதோட ஒரு டிஎல்எல் (ப்ரோக்ராம் துண்டு) எல்லா மெஷின்லயும் மெமரில அதே அட்ரஸ்ல போய் உக்காரும். வார்மை எழுதினவன் அந்த அட்ரஸை அதுக்குள்ள அப்படியே எழுதி வச்சுட்டான். டோக்கியோல இருக்கற சர்வரும் சரி, திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி சர்வரும் சரி, அதே நம்பர், யோசிக்கவே வேண்டாம். ஒரே அச்சுல வார்த்த பூட்டு, ஒரு கம்பி எல்லாத்தையும் திறக்கும்.

அதே வருஷம் ஆகஸ்ட்ல ப்ளாஸ்டர்னு இன்னொரு வார்ம். அந்த வயசுக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும், டயல்-அப் கனெக்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் ஆகறதுக்குள்ள ஒரு பொட்டி வந்து 60 செகண்ட்ல சிஸ்டம் ஷட்டவுன் ஆகப்போகுதுன்னு கவுன்ட்டவுன் ஓடும், நாம அவசர அவசரமா ரன் பாக்ஸ்ல 'ஷட்டவுன் மைனஸ் ஏ' அடிச்சு நிறுத்தணும், நிறுத்திட்டு பேட்ச் டவுன்லோட் பண்ணலாம்னா அந்த ஸ்பீடுக்கு அது முடியறதுக்குள்ள விடிஞ்சுடும்.

இதுவரைக்கும் கீர் சொன்னது சரி. இப்ப மறுபக்கம்.

மோனோகல்ச்சர் வாதத்துக்கு ரெண்டு ஓட்டை இருக்கு. ஒண்ணு, எண்ணிக்கை மட்டும் காரணம்னா 2001ல கோட் ரெட் வார்ம் அப்பாச்சியைத்தான் அடிச்சிருக்கணும், ஏன்னா வெப்சைட்டை நடத்தற வெப் சர்வர் சாஃப்ட்வேர்ல அப்பாச்சிதான் பாதிக்கு மேல, மைக்ரோசாஃப்டோட ஐஐஎஸ் கால்வாசி போல. ஆனா அடி வாங்கினது ஐஐஎஸ், பதினாலு மணி நேரத்துக்குள்ள 3,59,000 மெஷின். எத்தனை பேர் வச்சிருக்காங்கங்கறதை விட எப்படி கட்டியிருக்காங்க, வேண்டாததை எல்லாம் டீஃபால்ட்டா ஆன் பண்ணி வச்சிருக்காங்களாங்கறது முக்கியம். ரெண்டாவது, ஒரே மாதிரி இருக்கறதே ஒரு விதத்துல மருந்தும்தான். 2002 ஜனவரில பில் கேட்ஸ் கம்பெனிக்குள்ள ஒரு மெயில் போட்டார், இனிமே புது ஃபீச்சரா செக்யூரிட்டியான்னு வந்தா செக்யூரிட்டின்னு. 2004 ஆகஸ்ட்ல விண்டோஸ் எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 2னு பெரிய அப்டேட் வந்தப்ப ஃபயர்வால் டீஃபால்ட்டா ஆன். விண்டோஸ் விஸ்டாவுல இருந்து மெஷின் ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் மெமரி அட்ரஸை கலைச்சு போட ஆரம்பிச்சாங்க, அதாவது ஸ்லாமர் நம்பின அந்த "எல்லா இடத்துலயும் ஒரே நம்பர்" போச்சு, கம்பெனி ஒண்ணுதான் ஆனா ஒவ்வொரு மெஷினுக்குள்ளயும் பூட்டு கொஞ்சம் வேற. இந்த ஐடியாவை முதல்ல செஞ்சது அவங்க இல்ல, ஓப்பன்பிஎஸ்டிங்கற ஆபரேட்டிங் சிஸ்டம் பண்றவங்க மாதிரி ஆளுங்க முன்னாடியே பண்ணிட்டாங்க, ஆனா மைக்ரோசாஃப்ட் பண்ணினா ஒரே அப்டேட்ல கோடிக்கணக்கான மெஷினுக்கு போய் சேருது. இது ஏகபோகத்தோட நல்ல பக்கம், மறுக்க முடியாது. ஆண்ட்ராய்டை பாருங்க, நூறு கம்பெனி, நூறு விதமான போன், பேட்ச் மட்டும் பாதி போனுக்கு வரவே வராது.

இன்னொண்ணு, பன்முகத்தன்மைக்கு செலவு உண்டு. நான் முன்னாடி வேலை பாத்த ஒரு கம்பெனில, பேர் வேண்டாம், "எல்லாம் ஒரே பிளாட்ஃபார்ம்ல இருக்கக்கூடாது"ன்னு ஒரு மேனேஜர் பிடிவாதமா ஒரே ஒரு லினக்ஸ் சர்வர் வச்சார். வச்ச பையன் ஆறு மாசத்துல வேலையை விட்டுட்டு போயிட்டான். அப்புறம் மூணு வருஷம் அந்த பொட்டி ஏசி ரூம் மூலையில தானா ஓடிட்டு இருந்தது, யாருக்கும் ரூட் (அட்மின்) பாஸ்வேர்டு தெரியாது, ஒரு அப்டேட் கூட போடல, யாரோ அதுமேல ஆயுதபூஜைக்கு சந்தனம் குங்குமம் மட்டும் வருஷாவருஷம் கரெக்டா வச்சாங்க. ஆடிட்ல அந்த நெட்வொர்க்லயே படுமோசமான மெஷின்னு வந்தது அதுதான்.

அதே மாதிரி ஓப்பன் சோர்ஸ்ல (கோடை யார் வேணாலும் பாக்கக்கூடிய சாஃப்ட்வேர்) போனா மோனோகல்ச்சர் இல்லைன்னு நினைக்கறதும் தப்பு. 2014ல ஹார்ட்ப்ளீட், 2021 டிசம்பர்ல லாக்4ஜேன்னு பெரிய ஓட்டைங்க வெளிய வந்துச்சு, எந்த ஏகபோக கம்பெனியும் இல்ல, ஆனா எல்லாரும் ஒரே லைப்ரரியை (மத்தவங்க எழுதி வச்ச ரெடிமேட் கோடு) தூக்கி வச்சிருந்தாங்க. பிரவுசர்ல மைக்ரோசாஃப்டே சொந்த இன்ஜினை விட்டுட்டு 2020ல கூகுள் குரோமோட அடிப்படையான குரோமியத்துக்கு போயிட்டாங்க. ஏகபோகம் வேற, ஒரே பயிர் வேற.

சரி, அப்ப பிரச்சனை தீர்ந்துச்சான்னா, இல்ல. 2017 ஜூன் 27ல வந்த நாட்பெட்யாங்கற வைரஸை பாருங்க. உக்ரைன்ல பெரும்பாலான கம்பெனிகள் வரி கட்ட எம்இடாக்னு ஒரு அக்கவுன்டிங் சாஃப்ட்வேர் வச்சிருந்தாங்க, நம்ம ஊர்ல டேலி மாதிரின்னு வச்சுக்கோங்க. அதோட அப்டேட் சர்வருக்குள்ள புகுந்து விஷத்தை வச்சுட்டாங்க. அது விண்டோஸ் நெட்வொர்க்குக்குள்ள பரவி உலகம் பூரா போச்சு, மும்பை ஜேஎன்பிடி துறைமுகத்துல ஒரு டெர்மினல் கூட நின்னுச்சு, ஏன்னா அதை நடத்தினது மேர்ஸ்க்ங்கற கப்பல் கம்பெனியோட குரூப். மேர்ஸ்க்குக்கு உலகம் முழுக்க சுமார் 150 டொமைன் கன்ட்ரோலர் (யார் லாகின் பண்ணலாம்னு பாக்கற சர்வர்), ஒண்ணு போனா மத்தது இருக்குன்னு ஒண்ணுக்கொண்ணு காப்பி எடுத்துட்டு இருந்ததுங்க. எல்லாமே ஒரே மாதிரி, அதனால எல்லாமே ஒண்ணா அழிஞ்சது, ஒண்ணே ஒண்ணை தவிர. கானாவுல ஒரு ஆபீஸ், அங்க அன்னிக்கு கரண்ட் கட், மெஷின் ஆஃப்ல இருந்ததால தப்பிச்சது. நெட்ல அனுப்ப பேண்ட்வித் பத்தல, கானா ஆளுக்கு பிரிட்டன் விசா இல்ல, அதனால அவர் நைஜீரியா வரைக்கும் பறந்து ஏர்போர்ட்ல இன்னொருத்தர் கையில ஹார்ட் டிஸ்கை குடுத்து, அவர் லண்டனுக்கு பறந்து, அதை வச்சுதான் கம்பெனியை மறுபடி எழுப்பினாங்க. 4,000 சர்வர், 45,000 பிசி, பத்து நாள்ல திரும்ப இன்ஸ்டால். கரண்ட் கட்டை திட்டறவங்க ஒரு நிமிஷம் யோசிக்கணும்.

இப்ப நான் சொன்ன அந்த "வேற ஆபத்து"க்கு வர்றேன்.

2003ல மைக்ரோசாஃப்ட் நமக்கு பூட்டு வித்த கம்பெனி. பூட்டு நம்ம வீட்டுல, சாவி நம்ம கையில. இன்னிக்கு மெயில், ஃபைல், லாகின் எல்லாம் அவங்க கிளவுட்ல, சாவிக்கொத்தும் அவங்ககிட்டயே. 2023ல ஒரு சீன ஹேக்கர் குரூப்கிட்ட மைக்ரோசாஃப்டோட சைனிங் கீ, அதாவது 'இவர் இன்னார்தான்'னு கையெழுத்து போடற டிஜிட்டல் சாவி, ஒண்ணு சிக்கிடுச்சு. 2016ல உருவாக்கின கீ, 2021லயே தூக்கிப் போட்டிருக்க வேண்டியது, போடல. அது சாதாரண ஜனங்களோட பர்சனல் அக்கவுன்டுக்கான கீ, ஆனா செக் பண்ற கோடுல இருந்த தப்பால கம்பெனி, கவர்மென்ட் அக்கவுன்டையும் அது திறந்துச்சு. வார்ம் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், ஓடிபி வேண்டாம், நான்தான் இன்னார்னு ஒரு டோக்கனை (லாகின் சீட்டு) தானே கையெழுத்து போட்டு தயார் பண்ணிக்கலாம். அப்ப அமெரிக்க வணிகத்துறை செயலரா இருந்த ஜினா ரைமாண்டோவோட மெயில், வெளியுறவுத்துறைல இருந்து மட்டும் சுமார் 60,000 மெயில் போச்சு.

கண்டுபிடிச்சது மைக்ரோசாஃப்ட் இல்ல. வெளியுறவுத்துறை. எப்படின்னா, எந்த மெயிலை யார் திறந்தாங்கங்கற பதிவு (லாக்) அவங்ககிட்ட இருந்தது, அது இருந்ததுக்கு காரணம் அவங்க அதிக விலை லைசென்ஸ் வாங்கியிருந்தாங்க. கம்மி விலை லைசென்ஸ் வச்சிருந்தவங்களுக்கு அந்த லாகே கிடையாது, திருட்டு போனது தெரியவே தெரியாது. இதை கொஞ்சம் நிறுத்தி நிதானமா யோசிச்சு பாருங்க: வீட்டை கட்டி குடுத்தவன் சாவியை தொலைச்சிட்டான், திருடன் வந்தானான்னு பாக்கற கேமராவுக்கு தனியா காசு கேட்டிருக்கான். இந்த சம்பவத்துக்கு அப்புறம், திட்டு வாங்கினதுக்கு அப்புறம்தான், அந்த லாக்ல ஒரு பகுதியை எல்லாருக்கும் இலவசமா குடுத்தாங்க.

அமெரிக்க அரசாங்கமே ஒரு ஆய்வு போர்டு வச்சு விசாரிச்சு 2024 ஏப்ரல்ல அறிக்கை வெளியிட்டாங்க. தவிர்த்திருக்கக்கூடிய தப்பு ஒண்ணு மேல ஒண்ணா நடந்திருக்கு, கம்பெனியோட செக்யூரிட்டி கலாச்சாரமே பத்தாது, கீ எப்படி திருடு போச்சுன்னு அவங்களுக்கே இன்னும் தெரியல, இவ்வளவும் அதுல இருக்கு. இவ்வளவு கடுமையா எழுதின அப்புறம் அமெரிக்க அரசாங்கம் மைக்ரோசாஃப்டை விட்டுட்டு போச்சா? எங்க போக? அதுதான் என் பாயின்ட். ஊர்ல நாலு ஹோட்டல் இருந்து ஒண்ணுல சாம்பார்ல பல்லி விழுந்துச்சுன்னா அடுத்த வாரம் அவன் கடை காத்தாடும், அந்த பயத்துலதான் அடுத்த நாள்ல இருந்து மூடி போட்டு வைப்பான். ஊருக்கே ஒரே ஹோட்டல்னா பல்லியை எடுத்து போட்டுட்டு பரிமாறுவான். எல்லாரும் ஒரே சாஃப்ட்வேர் வச்சிருக்கறதை என்ஜினியருங்க ஓரளவு சமாளிச்சுட்டாங்க. விட்டுட்டு போக முடியாத கஸ்டமருங்கறதை சமாளிக்க எந்த பேட்சும் இல்ல. இத்தனைக்கும் அந்த அறிக்கைக்கு அப்புறம் மைக்ரோசாஃப்ட் சிஇஓ நாதெல்லா செக்யூரிட்டிதான் எல்லாத்துக்கும் மேலன்னு உள்ளுக்குள்ள மெயில் போட்டார், 2002ல கேட்ஸ் போட்ட அதே மெயில்தான் கிட்டத்தட்ட. விசாரிச்ச அந்த போர்டு உறுப்பினர்களை 2025 ஜனவரில டிரம்ப் அரசாங்கம் வந்ததும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அது தனிக்கதை.

2024 ஜூலை 19 க்ரவுட்ஸ்ட்ரைக் விஷயத்தை சொல்லாம விட்டா கமென்ட்ல வந்து கேப்பீங்க. அது மைக்ரோசாஃப்ட் தப்பு இல்ல, அந்த செக்யூரிட்டி கம்பெனி அனுப்பின ஒரு கன்டென்ட் ஃபைல். 21 இன்புட் இருக்கணும்னு எதிர்பார்த்த இடத்துல 20 தான் வந்துச்சு, இல்லாத ஒண்ணை படிக்கப்போய் விண்டோஸோட மையப்பகுதியான கெர்னலோட விழுந்துச்சு. 78 நிமிஷத்துல திருப்பி எடுத்துட்டாங்க, அதுக்குள்ள 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீல ஸ்கிரீன். மொத்த விண்டோஸ்ல ஒரு சதவீதம் கூட இல்லைன்னு மைக்ரோசாஃப்ட் சொன்னாங்க, உண்மைதான், ஆனா அந்த ஒரு சதவீதம் ஏர்போர்ட், ஆஸ்பத்திரி, பேங்க். நம்ம ஊர்ல இண்டிகோ கையால எழுதின போர்டிங் பாஸ் குடுத்தாங்க. (சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விண்டோஸ் 3.1ல ஓடுறதால தப்பிச்சதுன்னு வாட்ஸப்ல சுத்துச்சே, அது கட்டுக்கதை.) மூணாவது ஆளை கெர்னலுக்குள்ள ஏன் விட்டீங்கன்னு மைக்ரோசாஃப்டை கேட்டா, 2009ல ஐரோப்பிய யூனியனுக்கு குடுத்த வாக்கு, எங்க செக்யூரிட்டி சாஃப்ட்வேருக்கு இருக்கற அதே வசதியை மத்தவங்களுக்கும் குடுக்கணும்னு பதில் வந்துச்சு. அதுல பாதி உண்மை. தங்களோட சொந்த ஆன்டிவைரஸ் டிஃபெண்டரையும் சேர்த்து வெளிய நிறுத்தியிருந்தா யாரும் எதுவும் கேட்டிருக்க முடியாது.

இன்னொரு ஆபத்து, ஹேக்கரே தேவையில்லாதது. 2025 ஜூலைல குஜராத் வாடினார்ல ரிஃபைனரி வச்சிருக்கற நயாரா எனர்ஜிக்கு மெயில், டீம்ஸ் எல்லாம் நின்னு போச்சு. ரஷ்யாவோட ராஸ்நெஃப்ட்டுக்கு அதுல 49 சதவீத பங்கு, ஐரோப்பிய யூனியன் தடை போட்டாங்க, மைக்ரோசாஃப்ட் சர்வீஸை நிறுத்திட்டாங்க. இந்திய சட்டப்படி எந்த தடையும் இல்ல, லைசென்ஸுக்கு காசும் கட்டியாச்சு. டெல்லி ஹைகோர்ட்டுக்கு போன அப்புறம் திரும்ப வந்துச்சு. டேட்டா ஒண்ணும் திருடு போகல, ஆனா காலைல வந்து லாகின் பண்ணா திறக்கலைன்னா, கம்ப்யூட்டரை பூட்டிட்டு பணம் கேக்கற ரான்சம்வேருக்கும் இதுக்கும் வேலை பாக்கறவனுக்கு என்ன வித்தியாசம்?

இதுக்கு அப்புறம் நம்ம ஊர் சாஃப்ட்வேர் கம்பெனி ஸோஹோ பத்தின பேச்சு சூடு பிடிச்சுது. மத்திய அரசு ஊழியர்கள் 12 லட்சம் பேரோட மெயில் ஸோஹோவுக்கு மாறியாச்சு. தென்காசில ஆபீஸ் வச்சு வேலை குடுக்கற கம்பெனி, எனக்கும் பெருமைதான், நானும் காசு கட்டி யூஸ் பண்றேன். வெளிநாட்டுக்காரன் சுவிட்சை ஆஃப் பண்ற பிரச்சனைக்கு இது பதில். ஆனா எல்லா முட்டையையும் ஒரு கூடையில இருந்து தூக்கி இன்னொரு கூடையில வச்சா கூடை நம்மூர் பனையோலைல பின்னினதா இருந்தாலும் கீழ விழுந்தா உடையத்தான் செய்யும்.

உங்க ஆபீஸ்ல என்ன பண்ணலாம்னா, ஊரையே மாத்தப்போறேன்னு கிளம்பாதீங்க, அந்த குங்குமம் வச்ச சர்வர் கதைதான் ஆகும். மெயில் ஒரு கம்பெனின்னா பேக்கப் வேற கம்பெனிகிட்ட இருக்கட்டும், அதுல ஒரு காப்பி ஒயரைப் பிடுங்கி அலமாரில இருக்கட்டும், மேர்ஸ்க்குக்கு கானாவுல கரண்ட் கட் பண்ணின வேலையை நீங்களே வேணும்னு பண்ணுங்க. லாகை மாசாமாசம் வெளிய எடுத்து வைங்க. டீம்ஸ் செத்துப்போச்சுன்னா யாரை எந்த நம்பர்ல கூப்பிடணும்னு ஒரு பேப்பர்ல இருக்கணும். முக்கியமா பிட்லாக்கர் (விண்டோஸ்ல டிஸ்கை பூட்டற வசதி) ரெக்கவரி கீ, மெஷினுக்கு 48 இலக்கம். க்ரவுட்ஸ்ட்ரைக் அன்னிக்கு அந்த கீயெல்லாம் பத்திரமா ஒரு சர்வர்ல வச்சிருந்த சில இடங்கள்ல அந்த சர்வரும் நீல ஸ்கிரீன்ல நின்னுச்சு. எங்க ஆபீஸ்ல 63 மெஷினுக்கும் பிரிண்ட் எடுத்து கவர்ல போட்டு அக்கவுன்ட்ஸ் பீரோல, செக் புக் பக்கத்துல வச்சிருக்கோம். பீரோ சாவி ரெண்டு பேர்கிட்ட.